வயசுக்கு வந்தா இழுப்பு நின்னுருமா?

வாசகி கேள்வி:

என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நாலு வயதிலிருந்து வீசிங். மழைக்காலம் வந்தால் மாதம் ஒருமுறையாவது நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஏழு வயதில் ஆஸ்துமா என்று சொல்லி, தினமும் இரண்டு வேளை இழுக்கும் பம்ப் கொடுத்தார்கள். அதன் பிறகு நன்றாகக் குறைந்தது. "வயசுக்கு வந்தா இழுப்பு தானா நின்னுரும்" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். என் கொழுந்தனாருக்குச் சின்ன வயதில் இதே தொந்தரவு இருந்து, 14, 15 வயதில் நின்றுவிட்டதாம். போன தை மாதம் மகள் வயதுக்கு வந்தாள், சீர் செய்தோம். அதற்குப் பிறகு நான்கைந்து மாதம் ஒன்றுமே இல்லை. அதனால் ஆனி மாதம் பம்பை நிறுத்திவிட்டோம். இப்போது ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இரவில் இருமுகிறாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்கிறாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து மாமியார் சாம்பிராணி போட்டுவிட்டால் அன்று ராத்திரி இருமல் அதிகம். தலை ஈரம் காயாததால் என்று நினைக்கிறோம். அவசரத்துக்கு வைத்திருக்கும் நீல பம்பைப் பள்ளிக்கு எடுத்துப் போகச் சொன்னால், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அழுகிறாள். பம்ப் பழகிவிட்டால் வாழ்நாள் முழுக்க விட முடியாது என்கிறார்களே? வளர்த்தி நின்றுவிடுமா? ஹைதராபாத் போய் மீன் மருந்து கொடுத்தால் சரியாகும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இது எப்போதுதான் போகும், டாக்டர்?

– திருப்பூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மகளை அவளுடைய மருத்துவரிடம் கூட்டிப் போய், நிறுத்திய பம்பை மறுபடி தொடங்குங்கள். இரவு இருமல், படியேறினால் நெஞ்சடைப்பு இரண்டும் சேர்ந்து வந்தால் மூச்சுக்குழாய் மறுபடி வீங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மழை இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பொங்கல் வரை பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் மாமியார் சொன்னது பொய்யல்ல. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அவருடைய மகனுக்கு நின்றது உண்மை. ஆனால் அவர் பார்த்தது ஒரு பையனை; இப்போது வீட்டில் இருப்பது ஒரு பெண். இந்த ஒரு விஷயத்தில் அந்த வித்தியாசம் பெரியது.

பத்து வயதுக்குள் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் பையன்கள்தான் அதிகம். சிறு வயதில் பையன்களுக்கு நுரையீரலின் அளவோடு ஒப்பிடும்போது மூச்சுக்குழாய்கள் குறுகலாக இருக்கும். சளி பிடித்து உள்சுவர் கொஞ்சம் வீங்கினாலே விசில் சத்தம் கேட்கும். மீசை அரும்பும் வயதில் நெஞ்சு விரிகிறது, குழாய்களும் அகலமாகின்றன. ஆண் ஹார்மோனுக்கு ஒவ்வாமை அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. அதனால் பல பையன்களுக்கு 14, 15 வயதில் இழுப்பு அடங்கிவிடுகிறது. உங்கள் கொழுந்தனாருக்கு நடந்தது அதுதான்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தராசு மறுபக்கம் சாய்கிறது. வயதுக்கு வந்த பிறகு ஆஸ்துமா புதிதாகத் தொடங்குவதும், இருந்தது தொடர்வதும் பெண்களிடம் அதிகம். பெரியவர்கள் ஆனதும் எண்ணிப் பார்த்தால் ஆஸ்துமா உள்ளவர்களில் பெண்கள்தான் கூடுதல். சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாலைந்து நாள்களில் மட்டும் மூச்சுத் தொந்தரவு கூடும். உங்கள் மகளுக்கு அப்படி இருக்கிறதா என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். மூன்று மாதம் குறித்தாலே தெரிந்துவிடும். தெரிந்தால் மருத்துவர் அந்த நாள்களுக்கு ஏற்றபடி மருந்தை மாற்றித் தருவார்.

ஆகவே, "வயசுக்கு வந்தா நின்னுரும்" என்பது பாதிப் பேருக்குப் பொருந்தி, மீதிப் பேரை ஏமாற்றும் வார்த்தை. எனக்கு இதில் ஒரு குற்ற உணர்வு உண்டு. மருத்துவம் தொடங்கிய புதிதில் நானும் இதே வார்த்தையை ஓர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பயந்து போயிருந்தார், ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். மூன்று வருடம் கழித்து ஒரு மார்கழி விடியற்காலையில் அந்தப் பெண்ணை அவசரப் பிரிவில் பார்த்தேன். பதினைந்து வயது. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. பெயரைக் கேட்டால் ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு வாங்கினாள். அவளுடைய அம்மா என்னிடம் கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் டாக்டர், பம்பை நிறுத்திட்டு அது போற நாளுக்குக் காத்திருந்தோம்" என்றார். பிள்ளை பிழைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

அப்படியென்றால் இது எப்போதுதான் போகும்? உங்கள் கேள்விக்கு ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனால் யாருக்குப் போகிறது, யாருக்குத் தங்குகிறது என்பதைக் குழந்தைகளின் பின்னாலேயே பல ஆண்டுகள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1964இல் ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய ஆய்வு, அவர்களுக்கு 50 வயது ஆகும்வரை தொடர்ந்தது. சிறு வயதில் சளி பிடித்தால் மட்டும் இழுப்பு வந்தவர்களில் 64 சதவீதம் பேர் 50 வயதில் ஆஸ்துமா இல்லாமல் இருந்தார்கள். சளி இல்லாதபோதும் தொடர்ந்து தொந்தரவு இருந்த பிள்ளைகளில் 47 சதவீதம். கடுமையான ஆஸ்துமாவோடு வளர்ந்தவர்களில் வெறும் 15 சதவீதம். சிறு வயதில் எவ்வளவு தீவிரமாக இருந்ததோ, அதுதான் பின்னால் நடப்பதைப் பெரிதும் தீர்மானித்தது. பெண்ணாக இருப்பதும், சிறு வயதில் மூக்கு ஒவ்வாமை இருப்பதும் ஆஸ்துமா தங்கிப்போகும் வாய்ப்பைத் தலா ஏறக்குறைய இரண்டு மடங்காக்கின.

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த குழந்தைகளின் கதை இன்னும் முக்கியமானது. அங்கே 613 பேரை 26 வயது வரை விடாமல் கணக்கெடுத்தார்கள். சிறு வயதில் தொடங்கிய இழுப்பு 14.5 சதவீதம் பேருக்கு நிற்காமலே தொடர்ந்தது. 27.4 சதவீதம் பேருக்கு நின்றுபோயிருந்தது. இன்னும் 12.4 சதவீதம் பேருக்கு நடுவில் நின்று, பிறகு திரும்பி வந்தது. அதாவது "நின்றுவிட்டது" என்று ஒரு கட்டத்தில் நிம்மதி அடைந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது திரும்பியிருக்கிறது. தூசி உண்ணிக்கு ஒவ்வாமை, பெண் பிள்ளை, புகைப்பழக்கம், மிகச் சின்ன வயதிலேயே தொடங்கியது இவையெல்லாம் நோய் தங்கிப்போனவர்களிடமும் திரும்பி வந்தவர்களிடமும் அதிகம் காணப்பட்டன.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் மகளுக்கு ஜாதகம் எழுத வேண்டாம். பெண் பிள்ளை, நாலு வயதில் தொடங்கியது, தினசரி மருந்து தேவைப்பட்டது என்று பார்த்தால், பதின்ம வயதில் தானாக மறையும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடிய பிள்ளை அவள் இல்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. அதே சமயம், ஏழு வயதிலிருந்து பம்பினால் நன்றாகக் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்துக்கு நன்றாக இசையும் ஆஸ்துமா என்பது நல்ல செய்தி.

அந்த நான்கைந்து மாத நிம்மதிக்கு வருகிறேன். தை முதல் ஆனி வரை என்பது நம் ஊரில் காய்ந்த காலம். மழை இல்லை, சளிக் காய்ச்சல் குறைவு, கோடை விடுமுறையில் பிள்ளை வீட்டில் இருந்திருக்கிறாள். அந்த மாதங்களில் பம்பும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிம்மதியைக் கொடுத்தது வெயிலும் மருந்தும். பெயர் வாங்கிக்கொண்டது சீர் செய்த சடங்கு.

அறிகுறி இல்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2001இல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு வெளிவந்தது. சிறு வயதில் ஆஸ்துமா இருந்து, மருந்தே இல்லாமல் நலமாக இருந்த இளைஞர்களின் மூச்சுக்குழாய் உள்சுவரிலிருந்து மிகச் சிறிய சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பலரிடம் அழற்சி அணுக்கள் இன்னும் இருந்தன, சுவரும் தடித்திருந்தது. அடுப்பில் நீறு பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. ஆகவே உங்கள் மகளுக்கு "போய்விட்டது" என்று எந்த மருத்துவராவது சொன்னாலும், "அடங்கியிருக்கிறது" என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகை, பெரிய சளிக் காய்ச்சல், வேலைக்குப் போகும் இடத்தின் தூசி, பின்னாளில் பிள்ளைப்பேறு என்று ஏதாவது ஒரு கட்டத்தில் அது தலை தூக்கினால் அப்போது ஆச்சரியப்படாமல் மருந்தை எடுக்கலாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி. வெள்ளிக்கிழமை, தலைக்குளியல், சாம்பிராணி, அன்று இரவு இருமல். நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டு, குற்றத்தை ஈரத்தலை மேல் போட்டுவிட்டீர்கள். ஈரத்தலையால் ஆஸ்துமா வருவதில்லை. தணலில் போட்ட சாம்பிராணியின் புகை, வீங்கிய மூச்சுக்குழாய்க்கு மிளகாய்ப்பொடி மாதிரி. கூந்தலுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடிப்பதால் அவள் அதை நேராக மூக்கில் வாங்குகிறாள். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். "அத்தை, டாக்டர் நாலு வாரம் சாம்பிராணி இல்லாமல் பார்க்கச் சொன்னார், முடியை வெயிலில் காய வைப்போம்" என்று சொல்லுங்கள். நாலு வெள்ளிக்கிழமை கழித்து அவரே சொல்வார். கொசுவர்த்திச் சுருளும் இதே கணக்குதான், கொசுவலைக்கு மாறுங்கள்.

திருப்பூர் என்பதால் இன்னொன்று. வீட்டில் யாராவது பனியன் கம்பெனியிலோ நூல் மில்லிலோ வேலை பார்த்தால், சட்டையில் ஒட்டிய பஞ்சோடு வந்து பிள்ளையின் கட்டிலில் உட்காராமல், முதலில் குளித்து உடை மாற்றட்டும். தலையணையும் மெத்தையும் பழைய பஞ்சாக இருந்தால் உறை போட்டு, உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். இதனால் மட்டும் ஆஸ்துமா போய்விடாது. ஆனால் மருந்தின் சுமை குறையும். அவளுக்கு விடியற்காலைத் தும்மல், மூக்கு அரிப்பு இருந்தால் அதற்கும் தனியாக வைத்தியம் வேண்டும். மூக்கைக் கவனிக்காமல் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பலன் பாதிதான்.

பம்ப் பழக்கமாகிவிடுமா? இந்தப் பயம் நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. சிரப்பும் மாத்திரையும் "லேசானது", பம்ப் "கடைசி மருந்து" என்று நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீல பம்பில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பூட்டமால். அதே மருந்து மாத்திரையாக வந்தால் 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்குள் 20 அழுத்தல் இருக்கிறது. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, கடைசியில்தான் நுரையீரலுக்குப் போகிறது. பம்ப் நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. இதில் போதைப்பழக்கம் எதுவும் இல்லை. நிறுத்தினால் தொந்தரவு வருவது, நோய் இன்னும் இருப்பதால். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது. அதற்காகக் கண்ணாடி பழகிவிட்டது என்று சொல்வதில்லையே.

வளர்த்தி பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி, அதை மழுப்ப மாட்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுள்ள 1,041 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்கு மேல் தினமும் பம்பில் புடிசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை இழுத்தவர்கள், பெரியவர்கள் ஆனபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள். குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் ஏறக்குறைய ஒரு விரல் அகலம்தான். கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். மாதம் ஒருமுறை ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை என்று ஓடினால் உடம்புக்குள் போகும் ஸ்டீராய்டு பம்பில் வருவதைப்போலப் பல மடங்கு. இவ்வளவும் எடைபோட்டுப் பார்த்து நான் பம்பின் பக்கம் நிற்கிறேன். என் சொந்தப் பேத்தியாக இருந்தாலும் இதையே செய்வேன்.

அதே ஆய்விலிருந்து இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். தினசரிப் பம்ப், எடுக்கும் காலத்தில் நோயைக் கட்டுக்குள் வைத்தது, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைக் குறைத்தது. நிறுத்திய பிறகு நோயின் போக்கை அது மாற்றவில்லை. ஆகவே "ஆறு வருடம் பம்ப் போட்டோமே, இன்னும் ஏன் போகவில்லை" என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். பம்பின் வேலை நோயை வேரோடு பிடுங்குவது இல்லை. பிள்ளை ஓட, தூங்க, பரீட்சை எழுத, நுரையீரல் வளர வேண்டிய வயதில் வளர வழிவிடுவது. நுரையீரல் தன் முழு அளவை எட்டுவது 20 வயதை ஒட்டி. அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். அந்தக் குழந்தைகளில் 684 பேரைப் பின்னால் பார்த்தபோது, 11 சதவீதம் பேரின் நுரையீரல், புகைபிடித்துக் கெட்ட முதியவர்களுக்கு வரும் அடைப்பு நோயின் எல்லைக்கு இளம் வயதிலேயே வந்திருந்தது. 13 வயது ஏன் அலட்சியம் செய்யக்கூடாத வயது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

ஹைதராபாத் மீன் மருந்து. ஜூன் மாதம் மிருகசீரிட நாளில் உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். நம் ஊரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறிப் போகிறார்கள். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. தொண்டையில் மீன் சிக்கும் அபாயம் மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளைக்கு இன்னும் அதிகம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உறவினர் வற்புறுத்தலில் போக நேர்ந்தாலும் பம்பை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். இவ்வகை மருந்துகளால் வரும் பெரும் ஆபத்து, நம்பிக்கையில் இருக்கும் மருந்தை விடுவதில்தான் இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஸ்பைரோமெட்ரி. முழு மூச்சிழுத்துக் குழாயில் ஊதும் பரிசோதனை, வலி கிடையாது. முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் அதில் முக்கியம். நெபுலைசர் போட்ட நாள்களில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டதைவிட இது உண்மையைச் சொல்லும். வயதுக்கு வந்த பெண்களுக்கு ரத்தசோகையும் மூச்சுவாங்கலைத் தரும். ஹீமோகுளோபினும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டு, அவசரத்துக்கு எந்தப் பம்ப் என்பது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல பம்பை மட்டும் நம்பி வைத்தியம் செய்யக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இல் மாறிவிட்டது. நீல பம்ப் குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும் புடிசோனைடு-ஃபார்மோடெரோல் கூட்டுப் பம்பையே தினமும், தேவைப்படும்போதும் எடுக்கும் முறை இப்போது இருக்கிறது. கையில் ஒரே பம்ப் என்பது பள்ளிப் பிள்ளைக்குப் பெரிய சௌகரியம். அவளுக்கு அது பொருந்துமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

அவள் எப்படி இழுக்கிறாள் என்பதையும் மருத்துவர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அழுத்துவது ஒரு நொடி, இழுப்பது இன்னொரு நொடி. வாயோரத்தில் வெள்ளைப் புகை மாதிரி மருந்து வெளியே போவதை நானே பார்க்கிறேன். "இழுத்துட்டேன் அங்கிள்" என்று பம்பைக் கீழே வைத்துவிடுவார்கள். ஸ்பேசர் என்ற நெகிழிக் குடுவை வழியாக இழுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. குலுக்க வேண்டும், மூச்சை முழுக்க விட வேண்டும், ஒருமுறை அழுத்தி மெதுவாக ஆழமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும், தினசரிப் பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். 13 வயதுப் பிள்ளைக்கு "ஸ்பேசர் சின்னப் பசங்களுக்கு" என்று தோன்றும். பெரியவர்களுக்கும் நாங்கள் அதைத்தான் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள்.

ஒருவேளை அவசரம் வந்தால், நிமிர்த்தி உட்காரவைத்து, நீல பம்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தலாக, நாலிலிருந்து பத்து வரை கொடுங்கள். இருபது நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பேச வாக்கியம் வராமல் வார்த்தை வார்த்தையாக வந்தாலோ, விலா எலும்புகளுக்கு நடுவில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ இருபது நிமிடமும் காத்திருக்க வேண்டாம், உடனே 108. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கடைசித் தாக்குதலின்போது மருத்துவ உதவி தேடாமலோ, உதவி வந்து சேர்வதற்கு முன்போ போய்விட்டார்கள். இறந்தவர்களில் பலரின் நோய் லேசானது அல்லது நடுத்தரமானது என்றே கருதப்பட்டிருந்தது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. "லேசான வீசிங்தானே" என்ற வார்த்தையின் மேல் எனக்குள்ள பயத்தைச் சொல்கிறேன்.

மருந்தை எப்போது குறைப்பது? குறைக்கலாம், கண்டிப்பாக. மூன்று மாதம் இரவு இருமல் இல்லாமல், ஓடும்போது தொந்தரவு இல்லாமல், அவசரப் பம்ப் தேவைப்படாமல் இருந்தால் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். அதைத் தொடங்க நல்ல காலம் மாசி, பங்குனி. மழைக்கு முன்னால், முழுப் பரீட்சைக்கு முந்தின வாரத்தில், பயணம் போகும் நேரத்தில் குறைக்கக் கூடாது. நீங்கள் நிறுத்தியது ஆனியில். பள்ளி திறந்து வகுப்பறைச் சளி பரவ ஆரம்பிக்கும் மாதம் அது. உங்களுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், உங்கள் மேல் தப்பில்லை.

கடைசியாக, பள்ளிக்குப் பம்ப் கொண்டுபோக மாட்டேன் என்று அவள் அழுவது. இதைப் பிடிவாதம் என்று பார்க்காதீர்கள். சமீபத்தில்தான் வீடு நிறைய ஆட்களைக் கூட்டி, அவள் உடம்பைப் பற்றி ஊருக்கே சொல்லியிருக்கிறோம். இன்னொரு விஷயத்தையும் எல்லோரும் பார்க்க வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றுவதில் என்ன தவறு? எங்கே, யார் முன்னால் எடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். நாப்கின் வைக்கும் சின்னப் பையிலேயே பம்பும் வைத்துக்கொள்ளலாம், ஓய்வறையில் எடுக்கலாம். நம்பிக்கையான ஒரு தோழிக்கும் வகுப்பாசிரியைக்கும் மட்டும் தெரிந்தால் போதும். தினசரி மருந்து காலை, இரவு வீட்டிலேயே பல் துலக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. விளையாட்டு நேரத்தில் அவளை உட்காரவைக்கச் சொல்லி ஆசிரியருக்குக் கடிதம் கொடுக்காதீர்கள். 14 வயதில் ஆஸ்துமா கண்டுபிடிக்கப்பட்ட பவுலா ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் பெண்தான், 2003இல் லண்டனில் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இந்தப் பெயரை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். போனில் அவளே தேடிப் பார்க்கும்படி விட்டுவிடுங்கள்.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் மருந்துக் கடைகளில் கிடைக்கும். காலையில் மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் நாள்களில் 300 ஊதுகிற பிள்ளை 240க்குக் கீழே இறங்கினால், இருமல் தொடங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். எண் அவளுடையது, நோட்டும் அவளுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் எடுத்துப் பார்த்துத் திட்டினால் அடுத்த வாரமே பொய் எண் எழுத ஆரம்பித்துவிடுவாள். தை மாதம் மறுபடி மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டை அவளே எடுத்துக் கொடுக்கட்டும். இரவில் இருமுகிறாளா என்று அவர் கேட்டால் அவளே பதில் சொல்லட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.